மிதந்ததுதான் பிழைத்தது, அக்கா

என் ரோஸி அக்காவுக்கு,

கறுப்பு பொரிந்துவிட்டது.

உனக்கு இந்த ஒரு வரி போதும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எந்தச் சேவலோடதுடா?" என்று கேட்டிருப்பாய். மூன்றாவது சேவல், அக்கா. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் வெள்ளைச் சேவல். நீ அதைப் பார்த்ததில்லை.

மற்றவர்களுக்குத்தான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. உன் நினைவு நாளுக்குக் கோயில் பங்கு மலரில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பத்தி போதும், முடிவில் ஒரு செபம் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். நான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். ஒரு வரி வெட்டினாலும் இனி மலரே வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் நடுநடுவே பாடம் நடத்துகிறேன் என்று கோபப்படாதே. பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டும்.

கேட்கிறவர்களே, ரோஸலின் என்ற என் அக்கா விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். கருவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, இந்த ஊரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவள். கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த மரியாதையை அதற்குத் தர எனக்கு விருப்பமில்லை. நான் கால்நடை மருத்துவன். அப்போது சந்தாபுராவில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் இருந்தேன். அக்காவின் ஆராய்ச்சிக்குக் கருவுள்ள முட்டைகள் என் கையிலிருந்துதான் போயின.

பெரியம்மா இன்னும் கோயிலில் முதல் பெஞ்சில்தான் உட்காருகிறார், அக்கா. இதையும் படிப்பார். படிக்கட்டும். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, நாலு பேர் காதில் விழும்படி உன்னை என்ன சொன்னார்? "ஊர்க் கோழிக்கெல்லாம் குஞ்சு பொரிக்கிறா, இவ கழுத்துல ஒரு தாலி ஏறல. என்ன படிப்போ!" எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நீயோ சிரித்துக்கொண்டே, "சேவல் சரியா அமையல பெரியம்மா" என்றாய். அவர் குனிந்து செருப்பைத் தேடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நீ எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாய். அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

உன் வேலை என்ன என்று ஒரு வியாழக்கிழமை எனக்குச் சொன்னாய். நவநாள் செபத்துக்கு வந்த கூட்டம் கோயிலிலிருந்து தெருவரை வழிந்துகொண்டிருந்தது. பஸ் ஏற முடியவில்லை. நின்ற இடத்திலேயே வேர்க்கடலை தின்றுகொண்டு சொன்னாய்.

"கரு உருவானதும், இதயம் துடிக்கறதுக்கு முன்னாடியே, கொஞ்சூண்டு செல்லைத் தனியா ஒதுக்கி வெச்சிடும்டா. கண்ணுக்கு இல்ல, காலுக்கு இல்ல. அடுத்த தலைமுறைக்கு. பின்னாடி முட்டையாவோ விந்தாவோ ஆகப்போறது அதுங்கதான். ஆனா அதுங்க பொறக்கிற இடம் வேற, போய்ச் சேர வேண்டிய இடம் வேற. கோழியில ரத்தத்துல ஏறிப் போகும், நாம பஸ் புடிச்சுப் போற மாதிரி."

"வழியில செத்துப்போச்சுன்னா?"

"அதான் என் கேள்வி. வீட்ட விட்டுக் கெளம்பின புள்ள மாதிரிடா அது. போற வழியெல்லாம் யாராவது 'சாப்பிட்டியா, சாப்பிட்டியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். கேக்க ஆளில்லன்னா தானாவே செத்துடும். அந்தச் 'சாப்பிட்டியா'வுக்குத்தான் வளர்ச்சிக் காரணின்னு பேரு."

நானும் நாலு வருஷம் உடற்கூறும் உடலியங்கியலும் படித்தவன்தான். எந்தப் புத்தகமும் எனக்கு அதை இப்படிச் சொல்லவில்லை. வளர்ச்சிக் காரணி என்பது அக்கம்பக்கத்துச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். அதைப் பிடித்துக்கொள்ள இந்தச் செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி இருக்கும். புரதம் அதில் வந்து உட்கார்ந்ததும் உள்ளே ஒன்று இன்னொன்றைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், இப்படியே சேதி உட்கருவரை போய்ச் சேரும்: பிழைத்திரு, பெருகு. சேதி வராவிட்டால் செல் தன்னையே முடித்துக்கொள்ளும்.

கருவின் ரத்தத்திலிருந்து அந்தச் செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போயின. எந்தக் காரணி, எதனோடு எது சேர வேண்டும் என்று நீ தேடிக்கொண்டிருந்தாய். எஃப்.ஜி.எஃப். என்ற ஒன்றின் மேல் உனக்கு நம்பிக்கை. அது வெளிநாட்டிலிருந்து தெர்மோகோல் பெட்டியில், புகையும் உலர்பனிக்கட்டி நடுவே, கடுகளவு குப்பியில் வரும். விமான நிலையத்தில் தாள் சரியில்லை என்று நிறுத்திவைப்பார்கள். பனிக்கட்டி முழுக்க ஆவியாகி, சூட்டில் காரணி கெட்டுப்போய், வெதுவெதுப்பான பெட்டிதான் உன் கைக்கு வரும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் நீ அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் முதல் வேலை, தட்டுகளில் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் திரவம் ஊற்றுவது. உறிஞ்சியது ப்ளீச் குடுவைக்குள் போகும். திரவத்தில் மிதக்கும் செல்களும் அதோடு போகும். பெரும்பாலான செல்கள் உயிரோடு இருக்கும்வரை தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், செத்தால் பிடி விட்டு மிதக்கும். எனவே மிதப்பது குப்பை. உங்கள் துறைத் தலைவர், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம்கூட விழாமல் நடப்பாரே, அவர் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்வார்: "ஒட்டியிருப்பது உயிர். மிதப்பது பிணம். பிணத்தை வீட்டில் வைக்கக் கூடாது."

நீயும் அப்படித்தான் செய்தாய். தினமும் காலையில் ஒழுங்காக, சுத்தமாக, உறிஞ்சிக் கொட்டினாய்.

பிறகு தொண்ணூற்றொன்று டிசம்பர் வந்தது. அதைப் பற்றி விவேக் நகரில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவிரிக்காக ஊர் எரிந்தது, ஊரடங்கு போட்டார்கள். நான் அன்று தற்செயலாக நம் வீட்டில் இருந்தேன், சந்தாபுரா திரும்ப வழியில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். நீ மட்டும் முன்னறைக்கும் சமையலறைக்குமாக நடந்தாய்.

"என் தட்டெல்லாம் பட்டினி கிடக்குதுடா."

"தெருவுல கடைய கொளுத்தறாங்க. ஒனக்குத் தட்டு!"

"கடைய மறுபடி கட்டிக்கலாம். எஃப்.ஜி.எஃப். இனிமே எப்ப வரும்?"

ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்திய முதல் நாளே என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். தமிழ் காதில் விழுந்தால் ஆபத்து, வழியில் வாயைத் திறந்தால் கன்னடம்தான் என்று பேசிவைத்துக்கொண்டோம். அதில் நமக்கென்ன கஷ்டம்? தெருவில் விளையாடிய பாஷை அது. திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டி மறித்தார். "எல்லிகெ?" என்று கேட்டார், எங்கே போகிறீர்கள் என்று. நான் திணறினேன். பின்னாலிருந்து நீ, "மரிகளிகெ ஊட்டா கொடபேகு சார்" என்றாய். குஞ்சுகளுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "எஷ்டு மரி?"

எத்தனை குஞ்சு என்று கேட்கிறார்! நீ கொஞ்சமும் யோசிக்காமல், "எணிசோக்காகல்லா சார்" என்றாய். எண்ண முடியாது. பாவம், பெரிய பண்ணைக்காரி என்று நினைத்திருப்பார். போகச் சொல்லிவிட்டார். அடுத்த தெருவரை நாம் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடியது.

கூடத்தில் அடுத்த மேசைக்காரி சுமித்ரா மட்டும் வந்திருந்தாள். ஷிமோகாக்காரி, உன்னோடு பழகித் தமிழ் பேசக் கற்றவள். நீ கையைக் கழுவி, செல்களை வெதுவெதுப்பில் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து, தட்டுகளை வெளியே எடுத்தாய். பழக்கதோஷத்தில் உறிஞ்சு குழாயைக் கையில் எடுத்துவிட்டாய். அது தட்டைத் தொடப்போன இடத்தில் உன் கை நின்றது.

திரவம் மஞ்சளாக இருந்தது.

கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் திரவத்தில் ஒரு சாயம் கலந்திருக்கும். புதிதாக ஊற்றும்போது ரோஸ் மில்க் நிறம். செல்கள் தின்று பெருகிக் கழிவைவிட்டால் புளித்து எலுமிச்சை நிறத்துக்கு வரும். அடியில் ஒட்டியிருந்தவை வெறும் துணைச் செல்கள், இனிப் பெருக முடியாதபடி மருந்து கொடுத்து நிறுத்தப்பட்டவை. அவை அவ்வளவு தின்னாது. அக்காவின் செல்கள் செத்திருக்க வேண்டும். அப்படியானால் தின்றது யார்?

"யாரோ சாப்பிட்டிருக்காங்க" என்றாய், மெதுவாக.

நுண்ணோக்கியில் பார்த்தாய். சுமித்ராவை இழுத்து உட்காரவைத்தாய், அவள் "அய்யோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு நான் பார்த்தேன். திரவத்தில் திராட்சைக் குலைகள் போல உருண்டை உருண்டையாகச் செல்கள். ஒன்றும் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தட்டை லேசாக அசைத்தால் கூட்டமாக மிதந்து நகர்ந்தன. ஒன்று என் கண்ணெதிரே இடுப்பு சிறுத்து, இரண்டாகப் பிரியும் நிலையில் நின்றுகொண்டிருந்தது.

ரத்தத்தில் மிதந்து பயணம் போகப் பிறந்த செல் அது. தட்டில் மட்டும் ஏன் தரையைப் பிடிக்க வேண்டும்? தினமும் காலையில் சுத்தமாக உறிஞ்சி ப்ளீச்சில் கொட்டியது அவற்றைத்தான். கொட்ட ஆளில்லாமல் போன அந்தச் சில நாளில் எஃப்.ஜி.எஃப். தன் பாட்டுக்கு 'சாப்பிட்டியா' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, அவையும் பெருகிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஊர் அப்படி எரியாமல் இருந்திருந்தால் இதை நீ எப்போது கண்டிருப்பாய்? அந்தக் கேள்வியை நான் அதிகம் தொடுவதில்லை. அந்த நாட்களுக்கு எந்த நன்மையையும் வரவு வைக்க எனக்கு மனமில்லை.

இனி வருவது என் வயிற்றெரிச்சல். கருத்தரங்கக் கூடத்தில் உன் படங்களைக் காட்டினாய். உன் முட்டைக்காரன் என்ற உரிமையில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் இருக்கையில் சாய்ந்தபடியே கேட்டார்.

"டாக்டர் ரோஸலின், மீடியம் மஞ்சளானால் முதலில் எதைச் சந்தேகப்பட வேண்டும்?"

"பாக்டீரியாவை, சார். ஆனால் பாக்டீரியா என்றால் கலங்கியிருக்கும். இது தெளிவாக இருந்தது."

"அப்படியானால் கருவின் ரத்தச் செல். அதுவும் மிதக்கும்."

"சாயம் போட்டுப் பார்த்தேன் சார். இந்தச் செல்லில் மட்டும்தான் மாவுச்சத்து நிறைந்து, ஆழ்ந்த செந்நிறமாகத் தெரியும். பாருங்கள், எல்லாமே செந்நிறம்."

"சாயம் எதில்தான் பிடிக்காது? சந்தாபுரா முட்டையில் அழுக்கு வந்திருக்கிறது. அழுக்கைப் பார்த்துவிட்டு அற்புதம் என்கிறீர்கள். உங்கள் கோயிலில் வேண்டுமானால் அது செல்லும்."

சிரித்தார்கள், அக்கா. அவரும் நம் மாதிரி சிலுவை போட்டுச் சாப்பிடுகிறவர்தான், ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறைக் குடும்பம். அவர் சிரிக்க, வரிசையாக எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு முகமும் எனக்கு நினைவிருக்கிறது. என் முட்டையை அழுக்கு என்றாரே, அதுவும் நினைவிருக்கிறது. நீ படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "மிதப்பது உயிர்தான் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாய்.

அடுத்த வருஷமே வெளிநாட்டில் சுண்டெலிக் கருவில் இதையே காட்டினார்கள். எஃப்.ஜி.எஃப். சேர்த்து, இன்னும் இரண்டு காரணிகள் சேர்த்தால், அந்தச் செல்கள் தட்டில் சாகாமல் பெருகுகின்றன என்று. அந்தக் கட்டுரையைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாய். "எலி வேறு, கோழி வேறு" என்றாராம். உன் பெயரில் எஃப்.ஜி.எஃப். வாங்குவது நின்றது. உன்னை வேறு ஒருவருடைய வேலைக்கு மாற்றினார்கள். நீ வீட்டுக்கு வந்து, "போகட்டும்டா. செல்லுக்குத் தெரியும் அது என்னன்னு" என்றாய். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்தப் பத்தாண்டு முடியும் முன் சிறுநீரக நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அடக்கத்துக்கு உங்கள் கூடத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அதில் உன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். நான் அதை வாசலுக்கு வெளியே வைத்தேன்.

இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன்.

பொரிப்பகம் மூடிய பிறகு சந்தாபுராவிலேயே சொந்தமாகச் சின்னப் பண்ணை போட்டேன். ஓசூர் ரோடு உனக்கு அடையாளமே தெரியாது, அக்கா. தூண் தூணாக நட்டு மேம்பாலம் கட்டுகிறார்கள். கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். அந்தத் தூசியில் ஒருநாள் சுமித்ரா வந்து இறங்கினாள். தலை நரைத்து, சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவியாகி. மோர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சகாயம், வெளிநாட்டுல கோழிச் செல்லையும் தட்டுல வளத்துட்டாங்க. பேப்பர் வந்துடுத்து. அவங்க தட்டுலயும் மிதக்கிறதுதான் உயிரு."

"அப்ப எங்க அக்கா சொன்னது?"

"சரி. ஆனா அவங்களுக்கு ரோஸி யாருன்னே தெரியாது. இங்கயும் யாருக்கும் ஞாபகமில்ல. நாம செஞ்சு காட்டணும். தட்டுல இல்ல, கோழியில. எனக்கு முழுக் கறுப்பு நாட்டுக்கோழி வேணும், வெள்ளை லெக்ஹார்ன் கோழி வேணும். கொடுக்கறீரா?"

"அழுக்கு முட்டை பரவால்லயா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அதே அழுக்குதான் வேணும்" என்றாள்.

திட்டம் இதுதான். கறுப்புக் கோழியின் கருவிலிருந்து ரத்தத்தை எடுத்து, உன் முறையில் எஃப்.ஜி.எஃப். கொடுத்து, மிதக்கிற செல்களைத் தட்டில் பெருக்க வேண்டும். பிறகு வெள்ளை லெக்ஹார்ன் முட்டையின் ஓட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் கருவின் ரத்தக் குழாயில் அவற்றை ஊத வேண்டும். சுமித்ரா மெல்லிய கண்ணாடிக் குழலை வாயில் வைத்து, மூச்சைப் பிடித்து ஊதினாள். அவை உண்மையாகவே நீ சொன்ன செல்கள் என்றால் பயணம் போய் விதைப்பையில் குடியேறும். வளரும் சேவல் பார்க்க வெள்ளை. ஆனால் அதன் விந்தில் சில கறுப்புக் கோழியினுடையவை. அந்தச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால், சேவலின் சொந்தக் குஞ்சுகள் எல்லாம் வெள்ளையாகத்தான் பொரியும், ஏனென்றால் லெக்ஹார்னின் வெள்ளை எந்தக் கறுப்பையும் மூடிவிடும். நீ வளர்த்த மாதிரியான செல்லிலிருந்து வந்த குஞ்சு மட்டுமே கறுப்பாக இருக்கும். ரத்தச் செல்லோ பாக்டீரியாவோ குஞ்சாகாது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். கறுப்புக் கோழியின் முட்டைகள் ஆனேக்கல் பக்கத்திலிருந்து நேராக சுமித்ராவின் கூடத்துக்குப் போயின. என் பண்ணையில் கறுப்புப் பெட்டைகள் மட்டும்தான், அதுவும் குஞ்சிலிருந்து நான் வளர்த்தவை. ஒரு கறுப்புச் சேவல்கூட வேலிக்குள் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சேவலுக்காக வலைக்கு மேல் வலை கட்டினேன். வெள்ளைச் சேவலிடமிருந்து விந்தெடுத்து, பெட்டைகளுக்கு என் கையாலேயே செலுத்தினேன். "இவ்வளவு எதுக்கு?" என்றாள் சுமித்ரா. ஒரு கேள்வி வரும், அதற்காக என்றேன்.

மூன்று சேவல்கள் தேறின. முதல் சேவலுக்குப் பொரிந்தது எல்லாம் வெள்ளை. இரண்டாவதற்கும் வெள்ளை. சிலவற்றின் தலையில் மிளகு சிந்தியது போலக் கறுப்புப் புள்ளி இருக்கும். உடனே சுமித்ராவைக் கூப்பிடுவேன். சுமித்ரா பார்த்துவிட்டு, "இல்ல, இது கலப்புக் குஞ்சு" என்பாள். பொரிப்பானில் தட்டு தட்டாக வெள்ளை. ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டேன்.

"ஒருவேளை அவர் சொன்னது சரியா இருந்தா?"

"சும்னிரி!" என்று அதட்டினாள், கன்னடத்தில் வாயை மூடச் சொல்லி. "நான் அன்னிக்கு என் கண்ணால பாத்தேன். ரெண்டாப் பிரிஞ்சிட்டிருந்தது. நீரும்தான் பாத்தீர்."

மீதி இருந்தது அந்த நொண்டிச் சேவல்.

காலையில் பொரிப்பானின் கதவைத் திறந்தேன். ஈரமும் சூடும் முகத்தில் அடித்தன. மஞ்சள் பூத்த வெள்ளையாகக் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு கரித்துண்டு கிடந்தது. கரி இங்கே எப்படி வந்தது என்று கோபத்தோடு எடுக்கப் போனேன். அது என் விரலைக் கொத்தியது.

நான் கத்திய கத்தலில் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார். சுமித்ராவுக்குப் போன் போட்டேன். மூச்சுச் சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கப்பா?" கறுப்பா என்று கேட்கிறாள்.

"கப்பே! கப்பே!"

அந்தப் பக்கம் ஒரு பெரிய விஞ்ஞானி விக்கி விக்கி அழுதாள், அக்கா.

அவசரப்படவில்லை நான். குஞ்சின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து டி.என்.ஏ. பார்க்கச் சொன்னேன். தகப்பன் வழி கறுப்புக் கோழியினுடையது என்று வந்தது. வந்த மறுநாள், செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய பனியன் விரித்து, குஞ்சை அதில் வைத்து பஸ் ஏறினேன். கண்டக்டர் கீச்சுச் சத்தம் கேட்டு, "கோளி மரிகூ டிக்கெட் தகோபேகு" என்றார், குஞ்சுக்கும் டிக்கெட் வாங்க வேண்டும் என்று. வாங்கினேன். எந்த விஞ்ஞானியும் இவ்வளவு மரியாதையாக ரிச்சர்ட்ஸ் டவுன் போயிருக்க மாட்டார்.

பழைய வீடு, சிவப்புத் தரை. அவர் பிரம்பு நாற்காலியில் இருந்தார். கோட்டு இல்லை, ஆனால் ஜிப்பாவில் அதே கஞ்சி மடிப்பு.

"யாருப்பா?"

"சந்தாபுரா முட்டைக்காரன் சார்."

நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஓ. ரோஸலினோட தம்பி. உக்காரு மேன். பாக்ஸ்ல என்ன?"

"அழுக்கு சார்."

மூடியைத் திறந்தேன். குனிந்து பார்த்தார். "பிளாக் சிக். ஸோ வாட்?"

"அம்மா கறுப்பு நாட்டுக்கோழி. அப்பன் வெள்ளை லெக்ஹார்ன் சார்."

என்ன இருந்தாலும் படித்த மனுஷன். நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. பிறகு நான் இத்தனை வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி வந்தது.

"உன் ஷெட்ல கறுப்புச் சேவல் ஏதாச்சும் இருந்திருக்கும்."

"ஒண்ணுகூட இல்ல சார். நானே கையால சேத்தேன். ரத்தம் பாத்தாச்சு. சுமித்ராவோட தாள் இதோ."

தாளை வாங்கி, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார். பிறகு கையை நீட்டினார். குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

"தட்டுல வளந்த செல்லா?"

"ஆமா சார்."

"மிதந்ததா?"

"மிதந்ததுதான் சார்."

அவர் குஞ்சின் சிறகை ஒரு விரலால் விரித்துப் பார்த்தார். "ஷி வாஸ் ரைட்" என்றார்.

"கேக்கல சார். தமிழ்ல சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய அதிகாரம் ஒரு கணம் வந்து போனது. "ரோஸலின் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. போதுமாப்பா?"

போதும் என்று நான் சொல்வதற்குள் குஞ்சு அவர் ஜிப்பாவின் மடிப்பில் எச்சமிட்டது. நான் துடைக்கப் போகவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காபி கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, சொல்லவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று கேட்பாய். இல்லை, அக்கா. நீ வேண்டுமானால் மன்னித்துக்கொள், அங்கே உனக்கு வசதி அதிகம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். இந்த வயதில் அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

கட்டுரை வெளிவரப் போகிறது. முதல் பெயர் உன்னுடையது, சுமித்ரா அதில் யார் சொன்னதையும் கேட்கவில்லை. எழுத்துகளை நானே கூட்டிப் படித்துச் சரிபார்த்தேன், இந்த முறை தப்பில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி போட்டிருக்கிறார்கள். இறந்தவர் என்பதற்கு அவர்கள் வழக்கமாம். பெரியம்மாவிடம் காட்டினேன். "பரிசுத்தமான புள்ளன்னு சர்டிபிகேட்டா குடுத்துட்டாங்க?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

குஞ்சை உன் கல்லறைக்குக் கொண்டுவரவில்லை. அங்கே பருந்து அதிகம், நீயே திட்டியிருப்பாய். அது பெட்டைதான், அக்கா. சுமித்ரா அதற்கு உன் பெயர் வைக்கப் பார்த்தாள், கோழிக்கு என் அக்கா பெயரா என்று சண்டை போட்டேன். பெயரில்லாமலே நன்றாகத் தின்கிறது.

அது முட்டையிடும். அந்த முட்டைகளும் பொரியும். அந்த வம்சத்தில் ஒன்றையும் நான் விற்க மாட்டேன், அறுக்க மாட்டேன். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதனிடம் போய் ஒரு வார்த்தை கேட்கிறேன், நீ சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. என் மூச்சு இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்: சாப்பிட்டியா?

முட்டையில் அழுக்கில்லாத,
உன் தம்பி சகாயம்